கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம்: ஒரு நாள் வண்டியும் வழிகாட்டியும்

அரையாண்டு லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. பாளையக்காரர் பாடம் நடந்து முடிந்திருக்கிறது. "தாத்தா, கட்டபொம்மன் கோட்டை உங்க ஊர் பக்கம்தானே, கூட்டிட்டுப் போங்க" என்றாள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கோவில்பட்டியில் சொந்தமாக ஒரே ஒரு சின்ன வண்டி வைத்து ஓட்டும் ஒரு தம்பியைப் பிடித்தேன். அவரே டிரைவர், அவரே வழிகாட்டி. காலை ஏழரைக்கு வீட்டு வாசலில் ஏற்றி, சாயங்காலம் ஆறரைக்குத் திரும்ப இறக்கிவிட்டார். டீசல், டிரைவர் பேட்டா, விளக்கம் எல்லாம் சேர்த்து ரூ.3,400 வாங்கினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கோவில்பட்டி கார் ஸ்டாண்டில் "கதை சொல்ற தம்பி" என்றால் காட்டிவிடுவார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக்கு முன்பு சொந்தக்காரர்களோடு இதே வழியில் வேறொரு வழிகாட்டியோடு போயிருக்கிறேன். அவர் யார் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அன்று எனக்குப் பெரிய ஆற்றாமையாக இருந்தது. 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் வசனத்தை நிறுத்தாமல் சொன்னார். நன்றாகவே சொன்னார், குரலும் கணீரென்று இருந்தது. ஆனால் கலெக்டர் ஜாக்சன் துரையும் கட்டபொம்மனும் அந்த வார்த்தைகளையே பேசிக்கொண்டதாக எங்கள் பிள்ளைகளிடம் சொன்னார். அந்த வசனத்தை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. அது கலை. எனக்கும் அதைக் கேட்டால் இன்றைக்கும் கண் கலங்கும். ஆனால் அதை ஆவணமாகக் கொடுப்பது வேறு காரியம். அந்தக் குறை மனசில் கிடந்ததால்தான் இந்த முறை ஏறும்போதே தம்பியிடம் கேட்டேன்: "நீங்க சொல்றது படமா, பாட்டா, புஸ்தகமா?"

அவர் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, மூணும் சொல்லுதேன். எது எங்கேருந்து வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுதேன். நடுவுல நான் மறந்துட்டா நீங்க கேட்டுருங்க."

அன்று முழுக்க அந்த வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றினார். ஒரே ஓர் இடத்தில் தவறினார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கயத்தாறு. நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டபொம்மன் சிலை. நடிகர் சிவாஜி கணேசன் அந்த இடத்தை விலைக்கு வாங்கி எழுப்பிய சிலை அது. 1799 அக்டோபர் 16-ல் தூக்கிலிட்ட புளியமரம் இப்போது கிடையாது. அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது. எல்லாரும் பத்து நிமிஷத்தில் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் எங்களை முக்கால் மணி நேரம் நிறுத்தினார்.

தம்பி சொன்னது இது. தூக்கிலிட உத்தரவு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன், மறுநாளே மதராஸுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடக்கும்போது சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து நிறுத்தியிருந்தார். அவர்கள் நடுவே கட்டபொம்மன் கொஞ்சமும் கலங்காமல், செருக்கோடு நின்றதாகப் பானர்மேன் எழுதுகிறார். தன்னைப் பிடிக்கப் பாடுபட்ட எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு பார்த்துக்கொண்டே இருந்தார், தூக்குக்குப் போகும்போது உறுதியான நடையில் போனார் என்கிறார். வழியில் அவர் கவலைப்பட்டது ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்தது தப்பு, அங்கேயே சண்டையிட்டுச் செத்திருக்கலாம் என்று வருந்தியதாகவும் தனக்குத் தகவல் வந்தது என்று எழுதுகிறார்.

"பாப்பா, இதை எழுதுனது யாரு?" என்று பேத்தியைக் கேட்டார்.

"தூக்குல போட்டவரு."

"அவரு கட்டபொம்மனைப் புகழணும்னு அவசியம் இருக்கா?"

"இல்லை."

"அப்போ இந்த இடத்துல நாம அவரை நம்பலாம். வேற இடத்துல அவரு தன்னோட காரியத்துக்கு நியாயம் சொல்லுவாரு. அங்க ரெண்டு தடவை யோசிக்கணும்."

எனக்கு அந்த இடத்திலேயே இவர் மேல் மரியாதை வந்துவிட்டது. காரணம் என் தொழில். முப்பத்து நாலு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தேன், அதில் பெரும்பகுதி குறுவட்ட சர்வேயராக. எல்லைத் தகராறு என்றால் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இரண்டு பேரும் மனசறிந்து உண்மைதான் சொன்னார்கள். அப்பா காட்டிய கல்லை இவர் காட்டுவார், தாத்தா காட்டிய கல்லை அவர் காட்டுவார். கரிசல் மண் வெடித்து, கல் சாய்ந்து, புதைந்து, ஒரு முழம் நகர்ந்திருக்கும். நிலம் அளக்கிற சங்கிலிக்குச் சாதி கிடையாது, சொந்தம் கிடையாது. ஆனால் சங்கிலியை எங்கேயாவது ஒரு கல்லில் வைத்துத்தான் இழுக்க ஆரம்பிக்க முடியும். அந்தக் கல்லை ஒரு காலத்தில் யாரோ ஒருவர் நட்டிருக்கிறார். என் முதல் மேலதிகாரி கற்றுக் கொடுத்தது: வாதிக்காரன் கல்லிலிருந்து ஒரு தடவை அள, பிரதிவாதி கல்லிலிருந்து ஒரு தடவை அள, இரண்டும் எங்கே கூடுகிறதோ அங்கே குச்சி ஊன்று, கூடாத இடத்தைப் புலப்படத்தில் அப்படியே எழுது. வரலாறு நடுநிலையாக இருக்க முடியுமா என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். கல் இல்லாமல் அளக்க முடியாது. எந்தக் கல்லிலிருந்து அளந்தேன் என்று சொல்லாமல் அளந்தால் அது மோசடி.

கயத்தாற்றிலிருந்து கடம்பூர், பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் போனோம். கடம்பூரில் போளி வாங்கிக்கொண்டோம், சூடாக இருந்தது. ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. பாஞ்சாலங்குறிச்சிக்கு நேரம் வேண்டும் என்று தம்பி அவசரப்படுத்தினார். அது சரியான முடிவு.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டியது. வாசலிலேயே அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கூட்டிப்போனார். பலர் இதையே பழைய கோட்டை என்று நினைத்துச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளே சுவரெல்லாம் அவருடைய வாழ்க்கை ஓவியமாக இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜாக்சன் சந்திப்பு ஓவியத்தின் முன்னால் நின்று, தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். இரண்டு எண்கள்: 3310, 1080.

1798 மே மாதக் கடைசியில் கட்டபொம்மன் கட்ட வேண்டிய கிஸ்தி பாக்கி 3310 பகோடா (அந்தக் காலத்துப் பொன் நாணயம்) என்பது கம்பெனிக் கணக்கு. செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஜாக்சன் கணக்கைப் பார்த்தபோது அதில் மீதி நின்றது 1080 பகோடா. அதாவது மூன்றில் இரண்டு பங்கு கட்டியாயிற்று. வரியே கட்ட மாட்டேன் என்று நின்றவர் என்பது நம் மனசில் இருக்கும் சித்திரம். கணக்குப் புத்தகம் காட்டும் மனுஷர், கட்டிக்கொண்டும் இழுத்துக்கொண்டும், மழை பொய்த்த பூமியில் பாளையத்தை நடத்தப் பார்த்தவர். அவரை ஜாக்சன் ஊர் ஊராக அலைய வைத்து, கடைசியில் இராமநாதபுரத்தில் நிற்க வைத்தே விசாரித்தார். வெளியேறும்போது கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மனின் தானாபதி, அதாவது அமைச்சர், சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் பேத்தியால் நம்பவே முடியவில்லை. மதராஸில் கம்பெனியே ஒரு விசாரணைக் குழு போட்டது. குழு கட்டபொம்மன் பக்கம் நியாயம் இருப்பதாகக் கண்டு, கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கினார். தானாபதி பிள்ளையையும் விடுதலை செய்தார்கள். ஜாக்சன் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். மறு வருஷம் செப்டம்பர் 5-ல் பானர்மேன் படையோடு கோட்டை வாசலில் நின்றார். வெள்ளைக்காரன் என்றால் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, கம்பெனிக்குள்ளேயே ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுத்திருக்கிறார் என்பது பெரிய சேதி. பாடப் புத்தகத்தில் இது இருக்கிறது என்று அன்று ராத்திரி எடுத்துக் காட்டினாள். பரீட்சைக்குப் படிக்கும்போது வெறும் வரியாகக் கடந்துவிட்டதாம்.

பாட்டு பக்கத்தையும் தம்பி விடவில்லை. அவருடைய அப்பத்தா கட்டபொம்மன் கும்மி பாடுவாராம். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலையும் படித்திருக்கிறார். மக்கள் பாட்டு என்றால் நாயகனைத் தூக்கிவைத்துப் பாடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் தானாபதி பிள்ளை ஸ்ரீவைகுண்டத்தில் நெல்லைக் கொள்ளையடித்ததையும் அதனால் வந்த வினையையும் பாட்டே சொல்கிறது என்றார். தன் ஆள் செய்த பிழையை மறைக்காமல் பாடியிருக்கிறார்கள். கம்பெனிக்காரன் எதிரியின் நடையை மெச்சி எழுதியிருக்கிறான். எனக்கு இந்த இரண்டும் எதிரெதிர்க் கல்லிலிருந்து வந்து ஒரே புள்ளியில் கூடுகிற அளவுகள்.

புதுக் கோட்டையை விட்டு வெளியே, பழைய கோட்டையின் அடித்தளம் மிஞ்சிய இடத்துக்குக் கூட்டிப்போனார். ஜக்கம்மா கோயிலில் கும்பிட்டோம். 1801 பிப்ரவரி 2-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பி வந்த பிறகு, இடித்துப் போட்ட இதே கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பினார்கள். மண்ணும் வைக்கோலும் ஆட்களும் மட்டும். மார்ச் 31-ல் மோதிய கம்பெனிப் படை பலத்த அடி வாங்கித் திரும்பியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அந்தச் சண்டையில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகள் பக்கத்தில் இருக்கின்றன. முள்ளும் வெயிலுமாகக் கிடக்கும் இடம், நல்ல செருப்பு போட்டுப் போங்கள். மற்ற வண்டிக்காரர்கள் இங்கே கூட்டிப்போவதில்லை. இவர் கூட்டிப்போனது மட்டுமில்லை, அங்கே நின்று ஊமைத்துரை கதையைச் சொன்னார். அந்தக் கதையை எழுதி வைத்தவர் யார் என்றால், ஊமைத்துரைக்கு எதிராகப் போரிட்ட வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-ல் அச்சிட்ட தன் நினைவுக் குறிப்பில்.

கோட்டை விழுந்த ராத்திரி, செத்துக் கிடந்தவர்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். "என்னை விடு, சாமி அங்க கிடக்காரு, அவரைக் காப்பாத்து" என்பதாகச் சொல்கிறான். அந்தப் பெண்கள் காயம்பட்ட ஊமைத்துரையைத் தூக்கிப் போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது துணியைப் போட்டு மூடி, அம்மை கண்டு செத்த பையன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். தேடி வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து விலகிப் போகிறார்கள். ஒல்லியான, நோயாளி போலத் தெரிந்த, பேச முடியாத அந்த மனுஷனைத் தான் கண்ட மிக அபூர்வமான மனிதர்களில் ஒருவர் என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார். அதே வருஷம் நவம்பரில் ஊமைத்துரையையும் தூக்கிலிட்டார்கள். அந்தத் தாயின் பேரை மட்டும் வெல்ஷ் எழுதவில்லை. பேத்தி இரண்டு தடவை கேட்டாள். அந்தப் பேருக்கு எந்தப் பக்கத்திலும் கல் நடவில்லை.

பிறகு கோட்டை மண்ணை உழுது ஆமணக்கும் உப்பும் போட உத்தரவானது. ஊர்ப் பெயரையே கணக்குகளிலிருந்து எடுத்தார்கள் என்று தம்பி சொன்னபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு அது ஒரு சேதி. பெயரும் எண்ணும் எழுதியே பிழைத்தவனுக்கு அது வேறு. நானே எத்தனையோ ஓடைகளுக்கு, களங்களுக்கு ஊரார் சொன்ன பேரை விட்டுவிட்டு எண் மட்டும் எழுதி வந்திருக்கிறேன். வேண்டுமென்று செய்ததில்லை, படிவத்தில் இடமில்லை. ஆனால் அந்தப் பேர்கள் இப்போது எங்கேயும் இல்லை.

மதியச் சாப்பாடு ஓட்டப்பிடாரத்தில் ஒரு மெஸ்ஸில். சோறு, சாம்பார், கூட்டு, மோர். சாதாரணம்தான். வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஏசி பின் சீட்டுக்கு எட்டவில்லை, மார்கழியிலேயே இப்படி என்றால் சித்திரையில் தாங்காது. பெண்களோடு போகிறவர்கள் கழிப்பறைக்கு எங்கெங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பாஞ்சாலங்குறிச்சி விட்டால் எட்டயபுரம்தான்.

எட்டயபுரம் தம்பிக்குத் தாய்வழி ஊர். இதை அவர் ஊருக்குள் நுழைந்த பிறகுதான் சொன்னார். காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் குறை. உமறுப் புலவர் அடக்கமான இடம், முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடம், பாரதி பிறந்த வீடு என்று காட்டும்போது அவர் குரலே மாறிவிட்டது. அந்தப் பெருமையில் தப்பு கிடையாது. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் "எட்டப்பா" என்று கூப்பிட்டே அழ வைப்பார்களாம். ஒரு ஊரின் பேரையே துரோகத்துக்குச் சொல்லாக்கிவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளை என்ன செய்யும்? அவர் சொன்ன வாதம் கேட்கத் தகுந்தது: எட்டயபுரத்தார் ஒளிந்திருந்து காட்டிக் கொடுக்கவில்லை, எதிர்ப்பக்கம் நின்று வெளிப்படையாகவே சண்டை போட்டார்கள். இரண்டு பாளையத்துக்கும் அதற்கு வெகுகாலம் முன்பே எல்லைப் பகை. கட்டபொம்மனைக் களப்பூர்க் காட்டில் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அப்படியிருக்க "தொண்டைமான்" என்பது எங்கேயும் வசைச்சொல்லாகவில்லை. எட்டயபுரத்தாருக்காகப் போரிட்ட அழகுமுத்துக் கோனை அரசாங்கமே இன்று கொண்டாடுகிறது.

எல்லாம் சரி. ஆனால் அங்கே நிறுத்திக்கொண்டார். நான் கேட்டேன், "தம்பி, பாஞ்சாலங்குறிச்சி நிலம் அப்புறம் யார் யாருக்குப் போச்சு?"

வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "கம்பெனிக்காரன் பிரிச்சுக் கொடுத்தான் அண்ணாச்சி. எட்டயபுரத்துக்கு நல்ல பங்கு. மணியாச்சிக்கும் போச்சு." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "இதை நான் வழக்கமா இங்க சொல்றதில்ல" என்றார்.

கேட்டதும் சொன்னார், மறைக்கவில்லை. ஆனாலும் காலையில் கயத்தாற்றில் பானர்மேனுக்குப் போட்ட அளவுகோலைச் சாயங்காலம் தன் ஊருக்குப் போடவில்லை. அதை அவரிடமே சொன்னேன். கோபப்படவில்லை. நோட்டை எடுத்து, எட்டயபுரம் பக்கத்தில் "நிலம்" என்று எழுதிக்கொண்டார். எனக்கும் ஒரு கல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரன். சின்ன வயசில் அந்தப் படத்தை டூரிங் டாக்கீஸில் தரையில் உட்கார்ந்து பார்த்து அழுதவன். அந்தக் கேள்வியை நான் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டயபுரம் அரண்மனைக்கும் தன் வம்சத்தைப் பற்றிய வரலாறு ஒன்று உண்டு. 1879-ல் சாமி தீட்சிதர் எழுதியது. 1919-ல் கடையத்தில் இருந்த பாரதி, அதை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வறுமையில் இருந்த காலம். தம்பி இதைப் பாரதி வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னார். அந்தப் புத்தகம் பாரதி கையால் வந்திருந்தால் 1799-ஐ எப்படி எழுதியிருப்பார் என்று பேத்தி கேட்டதற்கு, நாங்கள் இரண்டு பேரும் கோவில்பட்டி வரும்வரை வெவ்வேறு பதில் சொல்லிக்கொண்டே வந்தோம்.

காசுக்கு மேல் மதிப்பு என்று தயங்காமல் சொல்வேன். பத்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நிற்க வைத்து விளக்குவது அதிகம், அலுத்துப் போவார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தடவை போய் வந்தால் நல்லது. கேள்வி கேளுங்கள். கேட்டால்தான் இவருடைய முழு அறிவும் வெளியே வரும், குறிப்பாக எட்டயபுரத்தில்.

இறங்கும்போது, கோடை லீவில் களப்பூர், புதுக்கோட்டை போகலாமா என்று கேட்டேன். "வண்டி வரும் அண்ணாச்சி, ஆனா கதை சொல்ல மாட்டேன்" என்றார். தொண்டைமான் பக்கத்து ஆட்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று இன்னும் யாரிடமும் உட்கார்ந்து கேட்கவில்லையாம். மாசிக்குள் போய் இரண்டு பேரையாவது பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். கோடைக்கு என்று ரூ.500 முன்பணம் கொடுத்திருக்கிறேன்.